நாற்பத்தெட்டு என்னும் பொய்

மின்மிதிவண்டிக்கு மின்னேற்றியை வீட்டிலேயே செய்துகொள்வது ஏதோ கள்ளநோட்டு அச்சடிப்பதற்கு ஒப்பான செயல் என்னும் தொனியில் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். "நிறுவனம் கொடுத்ததைச் சொருகு, வாயை மூடு" என்பதே இவர்களது அறிவுரையின் சாரம். இலக்கியம் பேசும் இடத்தில் மின்னேற்றிக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போரும் உண்டு. இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. லால்பேட்டையிலிருந்து கடலூருக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி மின்கல அடுக்கில் அடங்குவது 960 வாட்-மணி. மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பினால், கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி என வைத்து, 48 கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். வழியில் ஒரு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் மின்னேற்றலாம் என்றால், வண்டியோடு வரும் 2 ஆம்பியர் மின்னேற்றி அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டருக்கான மின்சாரத்தையே தரும். 8 ஆம்பியர் மின்னேற்றியோ இருபது கிலோமீட்டருக்குத் தரும். சுவரிலிருந்து அது இழுப்பது 500 வாட் அளவே. சாதாரண வீட்டுச் செருகுவாய் தாங்கும். 20 ஆம்பியர்-மணி அடுக்குகள் பெரும்பாலானவற்றுக்கு 8 ஆம்பியர் மிகையும் அன்று. நெடுந்தொலைவு செல்ல விரும்பும் ஒருவன் கையில் பற்றவைப்புக் கோலை எடுப்பதற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா?

ஆபத்து என்கிறார்கள். ஆபத்துதான். 2022 மார்ச்சில் வேலூரில், மின்னேற்றத்துக்கு வைத்திருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அது புதிதாக வாங்கிய வண்டி என்பதையும் மறக்கவில்லை. அவ்வாண்டின் தீவிபத்துகளுக்குப் பிறகே அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. புதிய விதிகள் 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கடையில் வாங்கியது காக்கும், கையால் செய்தது கொல்லும் என்னும் எளிய பிரிவினை எங்கும் இல்லை. நிறுவனங்களின் யோக்கியதை குறித்தும் ஒரு சொல்: மானியத்துக்குரிய விலை வரம்புக்குள் வண்டியை அடக்கிக் காட்ட, மின்னேற்றியைத் தனிப்பொருளாக்கித் தனியே காசு வாங்கிய முன்னணி நிறுவனங்கள், 2023இல் அரசு தலையிட்டபின் அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. மின்னேற்றி இல்லாமல் வண்டி எதற்கு ஆகும் என்று அப்போது இந்த அறிவுரையாளர்கள் கேட்கவில்லை.

உண்மையான ஆபத்து 48 என்னும் எண்ணில் ஒளிந்திருக்கிறது. பதின்மூன்று சாதாரண லித்தியம்-அயனிக் கலங்களைத் தொடராக அடுக்கினால் அதன் பெயர் 48 வோல்ட். முழுமையாக நிரம்பும்போது 54.6. பதினாறு லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களையும் சந்தையில் 48 வோல்ட் என்றே விற்கிறார்கள், நிரம்பும்போது 58.4. நான்கு பழைய ஈய-அமில மின்கலங்களுக்கும் அதே பெயர்தான். அவற்றின் மின்னேற்றி 57.6 அளவுக்குப் போகும். மூன்றுக்கும் ஒரே வடிவச் செருகியைப் பொருத்திவிடுவார்கள். இரண்டாவதற்கான மின்னேற்றியை முதலாவதில் சொருகினால் ஒவ்வொரு கலத்தின் மீதும் 4.49 வோல்ட் ஏறும். அதன் எல்லை 4.2. அடுக்கினுள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒன்றே இடையில் நிற்கும். அதுவும் மலிவுச் சரக்காக இருந்து கைவிட்டால் அப்புறம் தீயணைப்பு நிலையம்தான். (முதலாவதன் மின்னேற்றியை இரண்டாவதில் சொருகினால் தீங்கில்லை, கொஞ்சம் குறைவாக நிரம்பும், அவ்வளவே.)

லால்பேட்டைக்காரருக்கு இதை விளக்க மின்னியல் பட்டம் தேவையில்லை. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.5 அடி என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. வரத்து அதிகமாக இருந்தால் அம்மட்டத்தை ஒட்டி நீரை நிறுத்தி, மிகுதியை லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியே விடுகிறார்கள். மின்னேற்றமும் அப்படித்தான். தொடக்கத்தில் மாறாத அளவில் நீர்வரத்து; மட்டம் எல்லையைத் தொட்டபின் மட்டத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு வரத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்; ஒழுகலாகக் குறைந்ததும் அடைத்துவிட வேண்டும். லித்தியத்துக்கு ஓடை கிடையாது என்பது ஒன்றே வேறுபாடு. ஏரிக்கு "ஏறக்குறைய ஐம்பதடி" என்று எந்தப் பொறியாளராவது பலகை எழுதி வைத்தால் ஊர் சும்மா விடுமா? மின்கலப் பெட்டிக்கு மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்?

கைவினைஞர் தரப்பும் நம் கண்டனத்துக்குத் தப்பாது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய 12 வோல்ட் மின்வழங்கிகளைத் தொடராக இணைப்பது எப்படி என்று காணொளி போடுவோர், அவற்றில் பெரும்பாலானவற்றின் எதிர்முனை உலோகக் கூட்டோடும் நிலக்கம்பியோடும் இணைந்திருப்பதைக் குறுக்குச்சுற்று விழுந்தபின்தான் கவனிக்கிறார்கள். பிறகு அவர்கள் கண்டுபிடிக்கும் தீர்வு நிலக்கம்பியை வெட்டுவது! உள்ளே காப்பு ஒன்று பழுதானால் கூடு முழுதும் 230 வோல்ட். இதற்குப் பெயர் துணிச்சல் அன்று. மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் எல்.இ.டி. மின்வழங்கி சந்தையில் கிடைக்கிறது. எதையும் இணைக்கும் முன் பல்திறன்மானியை வைத்து 54.6 என்று திருகி நிறுத்துவது இரண்டு நிமிட வேலை. கலம் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் 53.3இல் நிறுத்தலாம். ஒரு ஃபியூஸ், எரியாத தரை, கூடவே விழித்திருக்கும் ஒரு மனிதர். இவ்வளவையும் ஆங்கிலத்தில் தேடிப் படிக்கத் தெரிந்தவன் தப்பிக்கிறான்.

இங்கேதான் இலக்கிய நண்பர்களிடம் வருகிறோம். பெ.நா. அப்புசாமி (1891–1986) அறிவியலை நல்ல தமிழில் எழுத முடியும் என்று தம் வாழ்நாள் முழுதும் எழுதியே காட்டினார். நாமோ அவரை முன்னோடி என்று மாலையிட்டு, சொல்லாக்கக் குழு அமைத்து, சார்ஜருக்கு மின்னேற்றியா மின்னூட்டியா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். 4.2க்கு மேல் ஏற்றாதே என்னும் ஒரு வரியைத் தமிழில் எழுதி பட்டறைக்குக் கொண்டுபோனவர் நம்மில் எத்தனை பேர்? கலங்களின் எண்ணிக்கை, வகை, நிரம்பும் மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மின்கலப் பெட்டியின் மீதும் தமிழில் பொறிக்க வேண்டும் என்று கேட்க நமக்கு வாயில்லையா? மறுப்புரை எழுத விரும்புவோர், எழுதும் முன் தங்கள் வீட்டு வண்டியின் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, அதில் 48ஐத் தவிர வேறென்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுக.