பூட்டு கெட்டி, ஆனால்...



நம் கொல்லிமலைக்கு ஏறிவர 70 கொண்டை ஊசி வளைவுகள். நம் பேங்க் கணக்குக்குள் வர நினைக்கும் திருடனுக்கு ஒரு வளைவும் கிடையாது. ஒரு போன் போதும்!

"பேங்க்லேருந்து பேசறேம்மா, கார்டு பிளாக் ஆகப்போகுது. இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்கிறான். சொல்லிவிடுகிறார்கள். உடனே நாம், "படிக்காத ஜனங்க, ஏமாந்துட்டாங்க" என்று சிரிக்கிறோம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 ஜூலையில் ட்விட்டர் கம்பெனி ஊழியர்களையே போனில் பேசி ஏமாற்றி, ஒபாமா, பில் கேட்ஸ் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். அதில் முக்கியமானவன் 17 வயதுப் பையன். ஏமாந்த ஊழியர்கள் என்ன கைநாட்டா?

கார்டு வைத்து இணையத்தில் வாங்க இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கியது. பூட்டை உடைக்க முடியாதவன், சாவி வைத்திருப்பவரிடம் பவ்யமாகக் கேட்டு வாங்குகிறான். ஆபீஸ் குரல் கேட்டாலே எழுந்து நிற்கிற பழக்கம்தான் அவனுக்கு மூலதனம்.

கைரேகை வைத்தால் சரியாகிவிடுமா? மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை மிஷின் லேசில் ஏற்பதில்லை. "இன்னொரு தடவை வைங்க பாட்டி" என்கிறார்கள். எந்தத் தடவை பணம் போனது, எவ்வளவு போனது, பாட்டிக்குத் தெரியுமா? பாஸ்வேர்டை மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியாதே! ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்க வசதி உண்டு. அதற்கும் பதிவு செய்த போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த போன் பல வீடுகளில் பேரன் கையில்!

அந்தப் பேரன் நாம்தான். வீட்டில் அத்தனை பேருடைய பின் நம்பரும் நம் தலையில். (கார்டு உறையிலேயே எழுதிவைப்பவர்களை என்ன சொல்ல!) "நானே போட்டுத் தர்றேன்" என்று போனைப் பிடுங்குகிறோமே தவிர, பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை, பணம் அனுப்பத்தான் தேவை என்ற ஒரு விஷயத்தையாவது சொல்லித் தந்தோமா?

நம் கேலிக்கு ஒரு விலை உண்டு. ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், பேங்கில் புகார் தரும்வரை போன பணம் அவர் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 விதி சொன்னது. திட்டுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்தால் மிளகு விற்ற காசு மொத்தமும் போய்விடலாம். ஆகவே "ஒரு போன் வந்துச்சு கண்ணு..." என்று பாட்டி தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், வாயை மூடிக்கொண்டு முதலில் 1930ஐ அழுத்துங்கள், அடுத்து பேங்குக்குச் சொல்லுங்கள். மற்ற விசாரணையெல்லாம் அப்புறம்.