எருமையின் வேட்கையை இரவிற் காண்க

எருமை சினைப்படாவிடின் ஊசியையே குறைகூறும் கமக்காரர் கண்டிப் பகுதியிற் பலர். குண்டசாலை நிலையத்து விந்து எத்துணை நல்லினத்ததாயினும், வேளை தவறின் பயன் தராது. தவறு பெரும்பாலும் நமது கவனிப்பிலேயே உள்ளதென்பது என் கருத்து.

பசு தன் வேட்கையை மறைப்பதில்லை. கத்தும், தீன் குறைக்கும், பிற மாடு மேலேறினும் விலகாது நிற்கும். இவ்வாறு நிற்றலே ஐயமற்ற அடையாளம். காலையில் நின்றதை மாலையிலும், மாலையில் நின்றதை மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவிக்க வேண்டும்.

எருமையோ அடக்கமானது. பிற எருமைகள் அதன்மேல் ஏறுதல் அரிது. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலுமே வேட்கை வெளிப்படும். பெண்குறி சிறிது வீங்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். கண்ணாடி போன்ற சளி, பசுவிற்போல் நீளத் தொங்காது, படுத்தெழுந்த இடத்தில் மட்டும் காணப்படலாம். பகல் முழுவதும் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் நிற்பவர் இவற்றை எங்ஙனம் அறிவர்? உறங்குமுன் ஒருமுறையும் பால் கறக்குமுன் ஒருமுறையும் விளக்குடன் கொட்டிலுக்குச் செல்க. வாலடியையும் படுத்த நிலத்தையும் நோக்குக.

ஒரு வேட்கை தவறின் மற்றொன்று ஏறக்குறைய 21 நாட்களின் பின்னரே வரும். அதுவரை இட்ட தீனெல்லாம் வீண். ஆதலின் கண்ட நாளைக் கலண்டரிற் குறித்து, 18ஆம் நாள் முதல் விழிப்பாயிருக்க வேண்டும். ஊசியிட்டபின்னும் இக்கணக்கைக் கைவிடலாகாது. மீண்டும் வேட்கை காணின், விடிந்ததும் மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க.