ஏரிக்கரை பஜ்ஜிக் கடைக்கு இடம் எங்கே?

கொடைக்கானல் ஏரிக்கரையில் குளிர் நடுக்குகிறது. பஸ்சில் வந்து இறங்கியவருக்கு சூடா ஒரு டீ, ரெண்டு மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளக்கதிர். பிள்ளை குட்டியோடு பெரிய ஓட்டலில் உட்கார்ந்தால் கட்டுப்படி ஆகுமா? தள்ளுவண்டிதான் ஏழையின் ஓட்டல்!

‘நெரிசல்’ என்று சொல்லி வண்டியைத் தூக்கிவிட்டால் தீர்ந்ததா? 2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முதலில் கணக்கெடுப்பு, பிறகு சான்றிதழ். அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேராவது வியாபாரிகளாக இருக்கவேண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. காலையில் ஊற்றிய எண்ணெய் ராத்திரி வரை கறுத்துக் கொதிக்கலாமா? திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் கெடுதலான பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால், அதில் பொரிக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது சட்டம். விலைப் பலகை தொங்கட்டும். ஆளைப் பார்த்து விலை சொல்ற வேலை வேண்டாம்.

நகராட்சி இடம் தரட்டும், கடைக்காரர் சுத்தம் தரட்டும். வந்தவர் வயிறும் நிறையும், வியாபாரி வீட்டு அடுப்பும் எரியும். அதிகாரிகள் கவனிப்பார்களா?