தலைக்குச் சுகம், கழுத்துக்குக் கவனம்

சலூனுக்குச் சென்று 'ஹெட் ஸ்பா' செய்துகொள்வது இப்போது எம்மவர் மத்தியிலும் பரவி வருகிறது. இதை வீண்செலவு என்று கூற நாம் வரவில்லை. ஊரில் எண்ணெய் வைத்து முழுகிய சுகத்தை, இரண்டு வேலை செய்து களைத்தவர்கள் இங்கே காசு கொடுத்துத் தேடுவதில் தவறில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கிணற்றடியில் நாம் நிமிர்ந்து குந்தியிருந்து முழுகினோம். சலூனிலோ கழுத்தைப் பின்னால் வளைத்து, தொட்டியின் விளிம்பில் நெடுநேரம் வைத்திருக்கிறோம். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு நாடிகள் கழுத்தெலும்புகளின் ஊடாகவே செல்கின்றன. கழுத்து அளவுமீறி வளைந்தால் அவை நெரிபடலாம். உட்சுவர் கிழிந்து இரத்தம் உறையலாம். சலூனில் தலை கழுவியபின் இவ்வாறு பாதிக்கப்பட்ட ஐந்து பேரைப் பற்றி அமெரிக்க நரம்பியல் வைத்தியர் மைக்கேல் வைன்ட்ரோப் 1993இல் எழுதினார். இது மிக அரிது. எனினும் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்குக் கூடுதல் அவதானம் தேவை.

எம்மவரின் பெரிய குறை, நொந்தாலும் வாய் திறவாமை. "அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்" என்று பொறுத்துக்கொள்கிறோம். அது மரியாதை அல்ல. கழுத்தின் கீழ் மடித்த துவாய் வைக்கச் சொல்லுங்கள். நொந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்தில் நெட்டி முறிக்க விடாதீர்கள்.

அன்றோ அடுத்த சில நாட்களிலோ தலைசுற்று, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, முகக்கோணல், கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் திடீரென ஏற்பட்டால், "படுத்தெழும்பச் சுகமாகும்" என்றிராமல் உடனே அம்புலன்ஸை அழையுங்கள். பாரிசவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.