பாட்டிக்கும் டிக்கெட்டா?

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றினால் எங்கள் காலத்தில் முதுகில் டின் கட்டுவார்கள். இப்போது அதற்குப் பெயர் ‘ஹோம் ஸ்கூலிங்’!

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. சென்னையில் வீட்டிலேயே படிக்கிறான். மச்சான் வாத்தியார், அக்கா ஹெட்மிஸ்ட்ரஸ். (கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.)

"பரீட்சைக்கு என்ன பண்ணுவீங்க மச்சான்?" என்றேன்.

"1989-லயே ஆரம்பிச்ச திறந்தநிலைப் பள்ளி இருக்கே மாப்ளே. பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டும் அதுல எழுதலாம். கிளம்பு, இன்னைக்கு ஹிஸ்டரி க்ளாஸ்."

க்ளாஸ் நடந்த இடம், முட்டுக்காடு தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-ல் திறந்தது. இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என்று பிரித்துக்கொண்டு வந்து, மறுபடி நிற்கவைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, நெசவாளர் வீடு, அக்ரஹாரம், கேரளத்து மர வீடு என்று தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். குயவர் சக்கரம் சுற்றுகிறது. கிளி சீட்டு எடுக்கிறது.

தம்மம்பட்டியிலிருந்து என்னோடு வந்திருந்த அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்தார் மச்சான். "இதெல்லாம் பாட்டி வீட்லயே இருந்த சாமான்தானே, பாட்டிக்கு எதுக்கு டிக்கெட்?" என்றான் பையன். நியாயமான கேள்வி!

விவசாயி வீட்டில் பையன் போர்டைப் படித்தான். போர்டில் இல்லாததை அம்மா சொன்னார். "குதிர்ல மேல கொட்டோணும், கீழ ஓட்டை வழியா எடுக்கோணும். அப்பத்தான் பழைய நெல்லு மொதல்ல செலவாகும், பூச்சி புடிக்காது."

பி.காம்.மில் ‘ஃபிஃபோ’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அம்மா ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"பாத்தீங்களா அத்தே! உங்களுக்கு எந்த ஸ்கூல் சொல்லிக்குடுத்துச்சு?" என்றார் மச்சான், ஜெயித்த சந்தோஷத்தில்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்தார். "நானும் ஊட்லயே படிச்சவதானுங்க மாப்ளே. கையெழுத்துப் போட முப்பது வருசமாச்சு. அந்த போர்டை இன்னைக்கும் பேரன்தான் படிச்சுச் சொல்றான்."

மச்சான் அதன்பிறகு பேசவில்லை. எல்லோருக்கும் மோர் வாங்கிவந்தார்.

6 முதல் 14 வயதுவரை கல்வி உரிமை என்று 2009-ல் சட்டம் போட்டது அம்மா மாதிரியான பெண் பிள்ளைகளை நினைத்துத்தான். வசதியாகப் படித்த பெற்றோர் வீட்டில் சொல்லிக்கொடுத்தால் அது பரிசோதனை. வசதியில்லாத வீட்டில் அதற்குப் பெயர் பாதியில் நின்ற படிப்பு.

எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைகளைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தில் பிள்ளையாரையும் யாளியையும் வரவழைக்கும் கைகள், அப்பாவின் உளியைப் பிடித்துக் கற்றவை. அதைவிட உசத்தியான வீட்டுப் படிப்பு உண்டா? ஆனால் உளியை எடுத்த பையனுக்குப் பக்கத்திலேயே பேனாவும் இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

என் மருமகன் நாளைக்கே மனசு மாறினால், அவனுக்குச் சேரப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பஸ் காசும் இருக்கிறது. அந்த இரண்டும் உள்ள வீட்டில் ஹோம் ஸ்கூலிங் நடக்கட்டும் சார், தப்பே இல்லை. ஆனால் வாத்தியார் லிஸ்டில் பாட்டி பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்குப் பதில் எழுத்துக் கற்றுக்கொடுத்தால் போதும். கணக்கு டேலி ஆகிவிடும்.