பாயோடு ஒட்டவைக்கும் வித்தை

"மட்டக்களப்புக்கா போகிறாய்? கவனம், பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்!"

இலங்கைத் தமிழருள் இந்த எச்சரிக்கையைக் கேளாதவர் மிகச் சிலரே. உத்தியோகத்தின் பொருட்டு வடபுலத்திலிருந்து கிழக்கே புறப்பட்ட வாலிபர்களுக்கு, பயணப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தபின் அன்னையர் சொல்லி அனுப்பிய கடைசிப் புத்திமதி பெரும்பாலும் இதுவாகவே இருந்தது. அங்கே மந்திரம் வல்லவர் பலர் உளர் என்றும், வந்தவனைப் பாயில் இருத்தி ஏதோ ஓதிவிட்டால் அவன் ஊர் திரும்ப மாட்டான் என்றும் கதைகள் வழங்கின. போனவர்களிற் சிலர் அங்கேயே பெண்ணெடுத்துக் குடியமர்ந்துவிட்டது கதைக்குச் சாட்சியும் ஆயிற்று.

மட்டக்களப்பு மக்கள் இதைக் கேட்டுச் சினப்பதில்லை, சிரிக்கிறார்கள். வந்தவன் திரும்பாதது உண்மையாயிருக்கலாம், ஆனால் அவனை ஒட்டவைத்தது மந்திரமன்று, உபசாரமே என்பது அவர்கள் கூறும் விளக்கம். "வாங்க மனே, இருங்க" என்று ஒரு பாயை உதறி விரித்து, வெற்றிலை வட்டாவை முன்னே வைத்து, அடுக்களையிற் பிட்டு அவியும்வரை பேச்சுக் கொடுத்தால் எவன்தான் எழுந்து போவான்?

இவ்விளக்கம் நமக்கும் உடன்பாடே. எனினும், இக்கதையிலே எல்லோரும் மந்திரத்தைப் பற்றியும் விருந்தாளியைப் பற்றியும் பேசுகின்றார்களேயன்றி, பாயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்தப் பாய் யாரால், எவ்வாறு, எத்துணை நேரத்தில் இழைக்கப்பட்டது? இவ்வாரம் அதனையே சிறிது நோக்குவோம்.

மட்டக்களப்பு நாட்டிலே சிறப்பாக வழங்குவது பன்பாய். பன் என்பது கோரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்த்தாவரம். குளக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் கூட்டங் கூட்டமாக வளர்வது. சிங்கள மொழியிலும் அதன் பெயர் 'பன்' என்பதே. அதனை அறுத்து வந்து வெயிலிற் காயவைத்து, தரம் பிரித்து, வேண்டிய அளவுக்குச் சாயமிட்டுக்கொள்வர். முற்காலத்திற் சிவப்புக்குப் பதங்கக் கட்டையும் மஞ்சள் நிறத்துக்கு மஞ்சளும் உதவின. இக்காலத்திற் கடைச் சாயங்களே பெரிதும் பயன்படுகின்றன. பின்னர் தரையில் அமர்ந்து, விரல்களாலேயே இழைத்து முடிப்பர்.

'விரல்களாலேயே' என்னுஞ் சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமையிலே புகழ்பெற்ற பத்தமடைப் பாய் தறியில் நெய்யப்படுவது. அதற்கு நூற்பாவு உண்டு, கோரை ஊடையாகச் செல்லும். நமது பன்பாய்க்கோ தறியுமில்லை, நூலுமில்லை. பன்னை ஏற்றி இறக்கும் பத்து விரல்களும், எண்ணிக்கை தவறாத மனமுமே அதன் கருவிகள். அவ்வாறிருந்தும் நடுவிலே கட்டங்களும் ஓரத்திலே கரையும் வரைந்தாற்போல் வந்து அமைகின்றன.

பாய் மட்டுமா? பன் வளராத மணற்பாங்கான கரையோரத்திலே பனை கைகொடுத்தது. அரிசி புடைக்கச் சுளகு, மண்ணும் நெல்லும் சுமக்கக் கடகம், மீன் வாங்கிவர உமல், பிட்டவிக்க நீத்துப்பெட்டி ஆகியவையெல்லாம் ஓலையிலிருந்து பிறந்தவை. வைகாசி மாதத்திற் கண்ணகி அம்மன் கோயில்களிலே சடங்கு தொடங்கினால், தென்னங்குருத்தைக் கிழித்து மடித்துத் தோரணங்கட்டச் சிறுவர்களும் கூடிவிடுவர். இக்கைவேலை ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியதுமன்று. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒருங்கே பாய் இழைக்கும் நாடு இது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரு சமூகத்தாரின் உறவுக்கு இங்கே உவமை சொல்வார்கள். அந்தப் பிட்டை அவித்ததும் ஓலைப்பெட்டியே அன்றோ!

இத்தகைய கைவேலை இன்று அருகி வருவது ஏன்? காரணங்கள் பல. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் மரங்களை வேரோடு சாய்த்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே குடும்பங்கள் பன்முறை இடம்பெயர்ந்தன. ஓரிடத்தில் அமர்ந்து செய்யவேண்டிய வேலையை ஓடிக்கொண்டே செய்தல் இயலுமோ? 2004 டிசம்பர் 26 இல் எழுந்த கடற்கோள், பாசிக்குடா, கல்குடா உள்ளிட்ட கரையோர ஊர்களை அலைக்கழித்தது. இவற்றுக்கிடையே, ஓசையின்றி வந்து வீட்டுக்குள் நுழைந்தது பிளாஸ்ரிக். ஓலைப் பாய் இருந்த இடத்திற் பிளாஸ்ரிக் பாய். கடகத்தின் இடத்தில் வாளி. உமலின் இடத்திற் பொலித்தீன் பை.

அந்தப் பொலித்தீனின் கேட்டை உணர்ந்து, 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்புமுள்ள பொலித்தீனையும், சோறு பொதியும் தாள்களையும், ரெஜிபோம் உணவுப் பெட்டிகளையும் 2017 செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் அரசாங்கம் தடை செய்தது. சட்டம் ஒரு பொருளை விலக்கலாம். அதற்கு மாற்றான பொருளை இழைத்துத் தருவது சட்டத்தால் ஆகாது. அதற்குக் கைகள் வேண்டும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் உள்ள பாசிக்குடாவை நேயர்கள் அறிவீர்கள். அலையடங்கிய ஆழமில்லாத குடா. குழந்தைகளும் அஞ்சாது இறங்கி நிற்கக்கூடிய கடல். போர் ஓய்ந்தபின் அக்கரையிலே பெரிய உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் விருந்தினர் வருகின்றனர். ஆகவே, ஓலைப் பொருள்களுக்கு வாங்குவோர் இல்லையென்று கூறமுடியாது. அழகிய பெட்டியை எடுத்துப் பார்க்கின்றோம், "அருமை" என்கின்றோம். அடுத்த கணமே விலையைக் கேட்டு, "ஓலைதானே, இதற்கா இவ்வளவு?" என்று பாதியாகக் குறைத்துக் கேட்கின்றோம். விடுதியறைக்கும் குளிர்பானத்துக்கும் பேரம் பேசாத நாவு இங்கே மட்டும் நீள்கின்றது.

சூறாவளியும் போரும் கடலும் செய்ததைக் காட்டிலும் இந்த ஒரு வார்த்தை கைவேலைக்குப் பெரிய தீங்கு என்பது நமது எண்ணம். சாய்ந்த மரத்துக்குப் பதில் மற்றொன்று முளைக்கும். தன் நாள் முழுவதற்கும் கிடைக்கும் கூலி ஒரு வேளைச் சோற்றுக்கும் காணாது என்று கண்ட தாய், மகளுக்கு அவ்வேலையைப் பழக்கமாட்டாள். ஒரு தலைமுறை பழகாது விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிராது.

"ஓலைதானே" என்று சொல்லும் நாவைத் திருத்த ஓர் எளிய வழியுண்டு. நாமே ஒன்றை இழைத்துப் பார்த்தல். ஆதலால் இன்று ஞாயிறு பிற்பகலில், பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் கூடியிருந்து, தேநீர்க் கோப்பை வைக்கும் ஒரு சிறு தட்டுப் பாய் செய்வோம்.

வேண்டுவன: அரை அங்குல அகலமும் ஒன்பது அங்குல நீளமும் உள்ள ஓலை வார்கள் இருபது. வெயிலிற் காய்ந்த பனங்குருத்தோலையின் ஈர்க்கை நீக்கி வார்ந்துகொள்க. இழைக்குமுன் ஈரத் துணியிற் சற்று நேரம் சுற்றி வைத்தால் ஓலை முறியாது வளையும். குருத்துக்காக ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டுதல் ஆகாது, மரம் நலிந்துவிடும். கொழும்பிலோ இலண்டனிலோ இருக்கும் நேயர்கள் பனைக்கு எங்கே போவது என்று மலைக்கவேண்டாம். வாசித்து முடித்த செய்தித்தாளை இரண்டங்குல அகலமாக வெட்டி, நீளவாட்டில் இருமுறை மடித்தால் அரை அங்குல வார் கிடைக்கும். இந்த இதழையே அதற்குப் பயன்படுத்தினும் நமக்கு வருத்தமில்லை.

பத்து வார்களை ஒன்றையொன்று தொட நெடுக்காக அடுக்கி, மேல்முனைகளின்மீது ஒரு கனமான புத்தகத்தை வைக்கவும். பதினோராவது வாரை எடுத்து, மேல்முனையிலிருந்து இரண்டங்குலம் விட்டு, முதல் வாருக்கு மேலாகவும் இரண்டாவதற்குக் கீழாகவும் மூன்றாவதற்கு மேலாகவும் குறுக்கே செலுத்துக. இருபுறத்தும் முனைகள் சமமாக நீட்டி நிற்கட்டும். அடுத்த வாரை முதலாவதற்குக் கீழும் இரண்டாவதற்கு மேலுமாக மாற்றிச் செலுத்துக. ஒவ்வொரு வாரையும் முன்னதோடு நெருக்கித் தள்ளவேண்டும். இடைவெளி விழுந்தால் பாய் தளர்ந்துவிடும். பத்துக் குறுக்கு வார்களும் முடிந்ததும் நடுவே ஐந்தங்குலச் சதுரம் அமைந்து, நான்கு பக்கமும் இரண்டங்குல முனைகள் எஞ்சும்.

இனி ஓரங்கட்டுதல். விளிம்பு வாருக்கு மேலே நிற்கும் முனைகளைப் பின்புறமாக மடித்து, பின்புறத்தில் விளிம்பிலிருந்து மூன்றாவதாக உள்ள வாரின் அடியிற் செருகவும். விளிம்பு வாருக்குக் கீழே நிற்கும் முனைகளை முன்புறமாக மடித்து, முன்புறத்தில் அவ்வாறே செருகவும். எஞ்சிய நுனிகளைக் கத்தரித்துவிட்டால் தட்டுப் பாய் தயார். குறுக்கு வார்களுக்கு வேறு நிறம் தீட்டிக்கொண்டால் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தோன்றும். பழகிய கைகள் ஒன்றுக்கு ஒன்று என்பதை விடுத்து, இரண்டுக்கு இரண்டாக ஏற்றி இறக்கிச் சாய்கோலமும் வரவழைக்கலாம்.

வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதன்முறை ஒரு மணி நேரம் சென்றாலும் வியப்பில்லை. முதுகு வலிக்கும், விரல் நுனி எரியும், ஏழாவது வாரிலே ஒரு தவறு கண்டு மூன்று வார்களைப் பிரிக்கவும் நேரும்.

மாணவச் செல்வங்களே, இப்போது ஒரு கணக்கு. நீங்கள் செய்தது ஐந்தங்குலச் சதுரம்; அதன் பரப்பு 25 சதுர அங்குலம். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பாயின் பரப்பு 2,592 சதுர அங்குலம். உங்கள் தட்டுப் பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தால்தான் ஒரு பாய் ஆகும். மேலும், உங்கள் வார் அரை அங்குல அகலமுடையது. கால் அங்குலமுள்ள பன்னால் அப்பாயை இழைப்பதாகக் கொண்டால், நெடுக்கும் குறுக்கும் சந்திக்கும் இடங்கள் 288 ஐ 144 ஆற் பெருக்கிய தொகை, அதாவது 41,472. அத்தனை இடத்திலும் ஒரு விரல் மேலே, அல்லது கீழே என்று தீர்மானித்திருக்கின்றது. சதுப்பில் இறங்கிப் பன் அறுத்ததும், சுமந்ததும், காயவைத்ததும், சாயமிட்டதும் இக்கணக்கிற் சேரவில்லை.

இந்தக் கணக்கைத் தன் விரல்களாற் போட்டுப் பார்த்த பிள்ளை, நாளை பாசிக்குடாவிலோ மட்டக்களப்புச் சந்தையிலோ ஓர் ஓலைப்பெட்டியைக் கையிலெடுத்தால், "ஓலைதானே" என்று கூறுமா? கூறாது என்று துணிந்து சொல்வோம். 1937 ஆம் ஆண்டு வார்தாவிலே கூடிய கல்வி மாநாட்டில், பாடசாலைக் கல்விக்குக் கைத்தொழிலே நடுநாயகமாதல் வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். அத்திட்டத்தைப் பற்றிக் கற்றோர் பலவாறு வாதிட்டனர். கையால் உழைப்போரை மதிக்கும் பண்பு கையால் உழைத்துப் பார்த்தோருக்கு எளிதில் வாய்க்கும் என்னும் உண்மையில் வாதத்துக்கு இடமில்லை.

இல்லத்தரசிகளுக்கும் ஒன்று கூறுவோம். வீட்டிலே அம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால், இவ்வேலையில் அவர்களையே ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு எல்லாம் மறந்துபோச்சுது" என்றுதான் முதலிற் சொல்வார்கள். ஓலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். மனம் மறந்ததை விரல் மறந்திராது. இழைக்கும் நேரத்தில் வாயும் சும்மா இராது. சூறாவளி அடித்த இரவும், இடம்பெயர்ந்தபோது தலையிற் சுமந்து சென்ற பாயும், கல்யாணத்துக்கென்று இழைத்த கரைப்பாயும் ஒவ்வொன்றாக வெளிவரும். கேட்டால் வராத கதைகள் ஓலையைத் தொட்டால் வருகின்றன.

எல்லோரும் பாய் இழைத்தே பிழைக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. நம் பிள்ளைகள் படித்து எத்தொழிலும் செய்யட்டும். ஆயின், வீட்டுக்கு ஒருவரேனும் ஒரு சிறு பின்னலை அறிந்திருந்தால், பன்பாயும் ஓலைப்பெட்டியும் இழைத்து வயிறு வளர்க்கும் பெண்களுக்கு நியாய விலை மறுக்கப்படமாட்டாது. அவர்களுக்கு வேண்டுவது நமது இரக்கமன்று, தங்கள் உழைப்பின் கணக்கை அறிந்த வாடிக்கைக்காரரே. அத்தகைய வாடிக்கைக்காரர் பெருகுவாராயின், தாய்மார் தம் மகளிரை அருகிருத்திப் பன்னை எடுத்து மீண்டும் கையிற் கொடுப்பர். பாயோடு ஒட்டவைக்கும் வித்தையும் அழியாதிருக்கும்.

அடுத்த வாரம் வைக்கோலை எடுத்துக்கொள்வோம். 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை, வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது. ஆலையின்றி, பசையும் கத்தரிக்கோலும் மட்டுங் கொண்டு, அதே வைக்கோலால் ஒரு வாழ்த்து மடல் செய்யும் முறையைக் காண்போம். அதற்குள், இருபது வார்களும் ஒரு பிற்பகலும் உங்கள் பொறுப்பு.