தூதரின் அறிவும் நம் கல்லாப் பெட்டியும்

அயல்நாட்டு உறவு என்பது டெல்லியில் உள்ள பெரியவர்கள் விவகாரம், மளிகைக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வியாபாரம் செய்கிற நாம் அப்படி எண்ணுவது சரியல்ல.

1996-ல் தென்கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் கொரியாவுடனும், 2011-ல் ஜப்பானுடனும் வர்த்தக ஒப்பந்தங்கள் அமலுக்கு வந்தன. எந்தப் பொருளுக்கு எவ்வளவு சுங்கவரி, எத்தனை ஆண்டில் அது குறைய வேண்டும் என்று இனம் இனமாகப் பேசி எழுதியவை இவை. அந்த மேஜையில் விருந்தும் பொன்னாடையும் எடுபடாது. எது எங்கே தயாராகிறது, அடக்கவிலை என்ன, யாருக்கு நஷ்டம் என்று விவரம் அறிந்தவர் கையே ஓங்கும். தூதனுக்கு அறிவு வேண்டும் என்று வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்.

விவரமும் பேச்சும் காலத்தில் கூடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. பின்லாந்தின் நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013-ல் வருமான வரித்துறை வழக்காடியது. மாநில வரித் தகராறும் சேர்ந்தது. 2014-ல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்ட், இந்த ஆலையை விட்டுவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. பல ஆயிரம் பேருக்கு வேலை போனது. வேலை போன வீட்டில் மளிகைப் பற்று எப்படி வசூலாகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வருமான வரி விவகாரம் 2018-ல் இரு நாட்டு வரி உடன்பாட்டின் வழியே பேசித் தீர்க்கப்பட்டது. வரி கேட்பது அரசின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய ஆலைக்கு நான்காண்டு கழித்து வந்த சமரசத்தால் தொழிலாளிக்கும் பயனில்லை, கடைக்காரருக்கும் பயனில்லை.

நம் சரக்குக்கே வருவோம். 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-ல்தான் தடை நீங்கியது. 2021-ல் நம் அரசு மியான்மருடன் ஐந்தாண்டுக்கு உடன்பாடு செய்து, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகர் மூலம் வர வழி செய்தது. இட்லிக்கு ஊறப்போடும் உளுந்திலும் தூதரகப் பேச்சு கலந்திருக்கிறது.

பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த நமக்கு இதெல்லாம் எட்டுமா என்று தயங்க வேண்டாம். ஜி.எஸ்.டி. பில்லில் நாம் போடுகிற ஹெச்.எஸ்.என். எண்தான் உலக வர்த்தகப் பேச்சின் மொழி. 0713 என்றால் பருப்பு வகை, 1511 என்றால் பாமாயில். முதல் ஆறு இலக்கம் வரை பெரும்பாலான நாடுகளில் ஒரே அர்த்தம்தான். உளுந்தை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தே நாட்டுச் சரக்கா, பர்மா சரக்கா என்று சொல்கிறவர்கள் நாம். அதுவும் அறிவுதான், நம் கடையோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

பெரிய தொழில் சங்கங்கள் புள்ளிவிவரத்தோடு வர்த்தக அமைச்சகத்துக்குக் கருத்து அனுப்புகின்றன. நம் சங்கமும் மூன்று காரியம் செய்யலாம். இறக்குமதி அறிவிப்புகளைத் தமிழில் சுருக்கி மாதந்தோறும் அங்கத்தினருக்குத் தர வேண்டும். பருப்பு, எண்ணெய் வரத்தையும் விலையையும் வாராவாரம் குறித்துவைக்க வேண்டும். புதிய ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது அந்தக் கணக்கை நம் எம்.பி. மூலமும் நேரிலும் டெல்லிக்கு அனுப்ப வேண்டும்.

விலை ஏறிய பின் புலம்புவதைவிட, ஏறுமுன் அறிந்திருப்பது மேல். சங்க நிர்வாகிகள் ஆவன செய்வார்களாக.